மூக்குக்கு வேலை: பூசணி பீரில் போட்ட மசாலா எங்கே போகிறது?

அக்டோபர் பிறந்தால் இந்தப் பக்கத்துக்கு வரும் கடிதங்களின் வாசனையே மாறிவிடுகிறது. சாம்பார்பொடியும் ஊறுகாயும் ஓரம்போய், பாதிக் கடிதங்கள் பூசணி பீரைப் பற்றியே வந்திருக்கின்றன. புதிய வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: மசாலா கம்பெனி லேபில் முகர்ந்து பார்த்தே சம்பளம் வாங்கியவள் நான். பீர் காய்ச்சுவது என் வீட்டுக்காரர். அவர் காய்ச்சுவார், நான் மூக்கை நுழைப்பேன். அந்த உரிமையில்தான் பதில் சொல்கிறேன்.

அக்கா, மூன்று வருஷமாக இலையுதிர்காலத்தில் வீட்டில் பூசணி பீர் போடுகிறேன், ஒவ்வொரு முறையும் 5 காலன். செய்முறையில், கொதி முடிய 5 நிமிஷம் இருக்கும்போது 1 டீஸ்பூன் ‘பம்ப்கின் பை ஸ்பைஸ்’ (‘பை’ என்ற பூசணிப் பலகாரத்துக்குப் போடும் பட்டை, ஜாதிக்காய், கிராம்பு மசாலாத்தூள்) போடச் சொல்லியிருந்தது. வாசமே இல்லை என்று இந்த வருஷம் 2 டீஸ்பூன் போட்டேன். காய்ச்சும்போது வீடு முழுக்கக் கமகமவென்று இருந்தது. இப்போது ஃபெர்மென்டரிலிருந்து (பீர் நொதிக்கும் பாத்திரம்) எடுத்துக் குடித்துப் பார்த்தால் வெறும் பீர். “இதில் பட்டை போட்டீர்களா என்ன?” என்று கேட்கிறாள் மனைவி. அடுத்த வாரம் பாட்டிலில் அடைக்க வேண்டும். இன்னும் இரண்டு ஸ்பூன் தூளை நேரே கலந்துவிடலாமா?
— கொலம்பஸ், ஒஹாயோவிலிருந்து ஒரு வாசகர்

தம்பி, தூள் டப்பாவை முதலில் அலமாரியில் வையுங்கள்.

வீடு முழுக்கக் கமகமத்தது என்கிறீர்களே, அதுதான் உங்கள் மசாலா. அடுப்படியில் மணத்ததெல்லாம் பீரிலிருந்து கிளம்பிப் போனது. பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் எல்லாவற்றிலும் மணத்தைத் தருபவை ஆவியாகக்கூடிய எண்ணெய்கள். கொதிக்கிற நீராவியோடு அவை போய்விடும். மிச்சம் மீதி இருப்பதை ஈஸ்ட் பார்த்துக்கொள்கிறது. முதல் நாலைந்து நாள் பாத்திரத்து மூடியின் ஏர்லாக் குழாயில் குமிழ் குமிழாக வெளியேறும் கார்பன் டை ஆக்ஸைடு, வாசனையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அந்த நாட்களில் ஃபெர்மென்டர் இருக்கும் அறைக்குள் நுழைந்தால் பை வாசம் அடித்திருக்குமே, கவனித்தீர்களா? ஆக, கொதிக்கும்போது நீங்கள் 3 ஸ்பூன் போட்டாலும் 4 ஸ்பூன் போட்டாலும் மணம் போகும் வழி ஒன்றுதான். தங்குவது கசப்பும் துவர்ப்பும். அளவை ஏற்றிக்கொண்டே போகிறவர்கள் கடைசியில் கஷாயம் குடிப்பது இதனால்தான்.

ரசம் வைக்கத் தெரிந்த யாருக்கும் இது புதிதல்ல. கொத்தமல்லித் தழையை முதல் கொதியிலேயே போட்டு அரை மணி நேரம் கொதிக்கவிடுவோமா? இறக்கும்போதுதானே கிள்ளிப் போடுகிறோம். பீரில் அந்த ‘இறக்கும் நேரம்’ இரண்டு தடவை வருகிறது. அடுப்பை அணைக்கும்போது ஒன்று, நொதித்தல் அடங்கி பாட்டிலில் அடைப்பதற்கு முன் இன்னொன்று. உங்களுக்கு முதலாவது போய்விட்டது. இரண்டாவது இன்னும் கையில் இருக்கிறது.

தூளை நேரே போடக்கூடாது என்பதற்குக் காரணங்கள் உண்டு. தூள் கரையாது. பட்டைத்தூள் தண்ணீரில் ஊறினால் கொழகொழவென்று ஆகும். ஓட்ஸ் கஞ்சியில் பட்டைத்தூள் தூவியவர்கள் அந்த வழவழப்பைப் பார்த்திருப்பார்கள். பீரில் அது அடியில் சளி மாதிரி தங்கும். மேலே நிற்கிற துகள்கள் பாட்டிலுக்குள் போனால், திறக்கும்போது ஒவ்வொரு துகளைச் சுற்றியும் கேஸ் குமிழ்விட்டு, நுரை பொங்கி மேஜையெல்லாம் வழியும். தவிர, போன வருஷம் வாங்கிய தூளில் என்ன வாசம் மிச்சமிருக்கும் என்பதும் கேள்வி. டப்பாவைத் திறந்து முகர்ந்து பாருங்கள். மரத்தூள் வாசம்தான் வருகிறதென்றால் குப்பைக்குப் போகட்டும்.

இன்றைக்கே நீங்கள் செய்ய வேண்டியது இது. மூடியுள்ள ஒரு சுத்தமான கண்ணாடி ஜாரில் 1 கப், அதாவது 240 மில்லி வோட்கா ஊற்றுங்கள். 40 சதவீத ஆல்கஹால் உள்ள சாதாரண, மலிவான வோட்கா போதும். அதில் 3 அங்குலப் பட்டை 4 துண்டை உடைத்துப் போடுங்கள். அரை ஜாதிக்காயைத் துருவிச் சேருங்கள். தட்டிய சுக்கு 1 டீஸ்பூன், ஆல்ஸ்பைஸ் 6 மணி, அதையும் லேசாகத் தட்டி. (ஆல்ஸ்பைஸ் என்பது மசாலாக் கலவை இல்லை. ஜமைக்கா பக்கத்து மரம் ஒன்றின் காய்ந்த காய், பெரிய மிளகு மாதிரி இருக்கும்.) கிராம்பை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம். 4 கிராம்பை 2 மேஜைக்கரண்டி வோட்காவில் தனியாக ஒரு சின்ன பாட்டிலில் ஊறவிடுங்கள். ஏன் தனியாக என்பதற்குக் கீழே பாஸ்டன்காரர் கடிதமே சாட்சி.

தினமும் ஒரு முறை குலுக்குங்கள். ஒரு வாரத்தில் சாறு நன்றாக இறங்கிவிடும். தண்ணீரில் இறங்காத எண்ணெய்கள் ஆல்கஹாலில் இறங்கும், கிருமித் தொல்லையும் கிடையாது. சீக்கிரம் ஆகட்டும் என்று ஜாரை அடுப்பில் ஏற்றிவிடாதீர்கள், வோட்கா ஆவி குப்பென்று பற்றும். வாரம் முடிந்ததும் காப்பி ஃபில்டர் காகிதத்தில் வடிகட்டி, ஓர் இரவு ஃப்ரீசரில் வையுங்கள். ஜாதிக்காயில் கொழுப்பு அதிகம். மேலே ஏதாவது உறைந்து படிந்திருந்தால் மறுபடி குளிர்ச்சியாகவே வடித்துவிடுங்கள். கொழுப்பு பீருக்குள் போனால் நுரை நிற்காது. பாட்டிலில் அடைப்பது நாலு நாள் தள்ளிப்போனால் பீருக்கு ஒன்றும் ஆகிவிடாது.

அளவுதான் முக்கியம். மருந்துக்கடையில் குழந்தைக்கு மருந்து கொடுக்கிற ஊசியில்லாத சிரிஞ்ச் கிடைக்கும், 1 மில்லி அளவுடையதாக வாங்குங்கள். நான்கு டம்ளரில் 100 மில்லி பீர் ஊற்றி, ஒன்றைச் சும்மா விட்டுவிட்டு, மற்றவற்றில் 0.25, 0.5, 1 மில்லி என்று மசாலாச் சாறு விடுங்கள். கலக்கி, முதலில் முகருங்கள், பிறகு ஒரு வாய் குடியுங்கள், நடுவே தண்ணீர் குடியுங்கள். மனைவியையும் கூப்பிடுங்கள், எதில் எவ்வளவு என்று சொல்லாமல் கொடுங்கள். உங்களை விட அவர் மூக்கு நேர்மையானது என்று கடிதத்திலேயே தெரிகிறது. 0.5 மில்லி பிடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100 மில்லிக்கு 0.5 என்றால் லிட்டருக்கு 5 மில்லி. 5 காலன் என்பது ஏறத்தாழ 19 லிட்டர், ஆக 95 மில்லி. அதை பாட்டிலிங் பக்கெட்டில், பாட்டிலில் கேஸ் ஏறுவதற்காகச் சேர்க்கும் சர்க்கரைப் பாகோடு ஊற்றி, அதன்மேல் பீரை மெதுவாக இறக்குங்கள். கூடுதலாகச் சேரும் ஆல்கஹால் 0.2 சதவீதம்தான். கிராம்புச் சாற்றையும் இதே மாதிரி சொட்டுக் கணக்கில் பார்த்து, வேண்டுமென்று தோன்றினால் மட்டும் சேருங்கள்.

இரண்டு டம்ளருக்கு நடுவே மனம் ஊசலாடினால் தூக்கலானதை எடுங்கள். வாரங்கள் போகப் போக மசாலா மணம் மெல்ல மங்கும்.

இன்னொன்று, பீரை எந்தக் குளிரில் குடிக்கிறீர்கள்? ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த 4 டிகிரி செல்சியஸ் பீரில் எந்த வாசனையும் எழுந்து வராது. கண்ணாடி டம்ளரில் ஊற்றி, கொஞ்சம் காத்திருந்து, 10 முதல் 13 டிகிரிக்கு வந்தபின் குடித்துப் பாருங்கள். சில பேருக்கு மசாலாப் பிரச்சினை இத்தோடு தீர்ந்துவிடும்.

அடுத்த வருஷத்துக்கு ஒரு வார்த்தை. பை ருசி என்று நாக்கு நினைப்பதில் பாதி இனிப்பு. இனிப்பே இல்லாத வறண்ட பீரில் பட்டை போட்டால் அது மரப்பட்டையாகத்தான் தெரியும். மாஷை, அதாவது மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) வெந்நீரில் ஊறும் கலவையை, 154 முதல் 156 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வையுங்கள், ஈஸ்ட் தின்ன முடியாத சர்க்கரை கொஞ்சம் தங்கும். இனிப்பு தங்கும் கிரிஸ்டல் மால்ட் ஒரு பவுண்ட் சேருங்கள். ஹாப்ஸ் பூ தரும் கசப்பு 20, 25 ஐபியூவை (பீர்க் கசப்பின் அளவு) தாண்ட வேண்டாம். பழுப்புச் சர்க்கரை கொட்டினால் இனிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஈஸ்ட் அதை ஏறக்குறைய முழுக்கத் தின்றுவிடும், பீர் இன்னும் வறளும். பால் சர்க்கரையான லாக்டோஸ் அரை பவுண்ட் போட்டால் இனிப்பு நிற்கும், ஆனால் பால் ஒத்துக்கொள்ளாத விருந்தாளிகளிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். மசாலாவில் பாதியை அடுப்பு அணைத்த நிமிஷத்தில் போட்டு மூடிக் குளிர வையுங்கள், அது அடித்தளம். மேல் மணத்துக்கு வோட்காச் சாறு.

பூசணி பீரில் பூசணிக்கு ஏதாவது வேலை உண்டா, இல்லை பெயருக்குத்தானா? டின்னில் வருவதா, முழுப் பூசணியா, எது வாங்க?
— ராலே, வட கரோலினா

நேர்மையாகச் சொன்னால் ருசியில் அதன் பங்கு மிகக் கொஞ்சம். பூசணியின் மாவும் சர்க்கரையும் ஈஸ்டுக்குத் தீனியாகிவிடும். லேசான நிறமும், வாயில் ஒரு சின்னக் கனமும் மிஞ்சும்.

ஆரம்பத்தில் இது ருசிக்காக வந்த சரக்கே இல்லை. வட அமெரிக்காவில் குடியேறிய ஆங்கிலேயருக்கு பார்லி மால்ட் தட்டுப்பாடு, பூசணியோ வேலிக்கு வேலி காய்த்தது. மால்ட்டுக்குப் பதிலாகப் பூசணியை நசுக்கிச் சாறெடுத்துக் காய்ச்சினார்கள். 1771-இல் அமெரிக்கன் ஃபிலசாஃபிக்கல் சொசைட்டி வெளியிட்ட ‘பாம்பியன் ஏல்’ (பூசணி பீர்) செய்முறை அந்த வகை. நல்ல மால்ட் கிடைக்க ஆரம்பித்ததும் இது வழக்கொழிந்து போனது. மறுபடி உயிர் கொடுத்தவர் கலிஃபோர்னியாவில் ஹேவர்ட் ஊரில் பஃபலோ பில்ஸ் என்ற சின்ன மதுக்கூடம் நடத்திய பில் ஓவன்ஸ். 1980களின் நடுவில் தானே வளர்த்த பூசணியைப் போட்டுக் காய்ச்சிப் பார்த்தால், பூசணி ருசியே வரவில்லை. கடைக்குப் போய் பம்ப்கின் பை ஸ்பைஸ் வாங்கி, காப்பி பெர்கோலேட்டரில் அதை டிகாக்‌ஷன் இறக்கி பீரில் ஊற்றினார். இன்றைக்குக் கடை அலமாரியில் வரிசையாக நிற்கிற பூசணி பீர்களின் ருசிக்கு அந்த டிகாக்‌ஷன்தான் மூதாதை. கொதியில் போடாமல் தனியே சாறெடுத்துப் பின்னால் சேர்த்தார், பாருங்கள். கொலம்பஸ் தம்பிக்குச் சொன்னதும் அதுதான், நான் வோட்காவில் சொன்னேன்.

போடுவதென்றால் டின் பூசணியே சுலபம். லிப்பிஸ் கம்பெனி டின்னில் இருப்பது டிக்கின்சன் என்ற ரகம். நம் ஊர்ப் பரங்கிக்காய் எந்த இனமோ அதே இனம்தான், ஹாலோவீனுக்கு முகம் செதுக்குகிற ஆரஞ்சுப் பூசணி வேறு இனம். செதுக்குகிற காய் நீர்த்துப்போய் நாராக இருக்கும், அதைக் காய்ச்சுவது வீண். டின் வாங்கும்போது ‘100 சதவீதம் பூசணி’ என்று போட்டிருப்பதைப் பார்த்து எடுங்கள். பக்கத்திலேயே ‘பம்ப்கின் பை மிக்ஸ்’ டின் இருக்கும், அதில் சர்க்கரையும் மசாலாவும் கலந்திருக்கும். 5 காலனுக்கு 3, 4 பவுண்ட் பூசணி விழுதைத் தட்டில் பரப்பி, 350 டிகிரி ஃபாரன்ஹீட் ஓவனில் ஓரம் சிவக்கும்வரை வறுத்து மாஷில் சேருங்கள். பிறகு வடிகட்டும்போது கூழாகிக் குழாய் அடைத்துக்கொள்ளும். அதற்கு ஒரு பவுண்ட் நெல் உமி கலந்துவிட்டால் போதும். பீர் சாமான் கடையில் உமியைப் பொட்டலம் போட்டு விற்கிறார்கள். அரிசி ஆலை வாசலில் மலைபோல் குவிந்து கிடந்த உமியைக் காசு கொடுத்து வாங்கும்போது எனக்கு வயிறு எரியத்தான் செய்கிறது.

அக்கா, அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வரும்போது கொண்டுவந்த கறுவா நிறைய இருக்கு. இவர் அதைத்தான் பீருக்குப் போடுறார். வாசம் நல்லா இருந்தாலும் காணாது மாதிரி இருக்கு. இங்கத்தைக் கடைக் கறுவா போட்டால் தூக்கலா வருது. எது சரி?
— ஸ்கார்பரோவிலிருந்து ஒரு வாசகி

இரண்டும் வேறு வேறு மரம். இலங்கைக் கறுவா மெல்லிய தாள் தாளாகச் சுருண்டு, கையால் நொறுக்கினால் உடையும். மணம் மென்மையானது, கொஞ்சம் எலுமிச்சை, கொஞ்சம் பூ வாசம். கடையில் கிடைக்கும் தடித்த, ஒரே சுருளாக இருக்கும் பட்டை பெரும்பாலும் காசியா வகை, இந்தோனேசியாவிலோ வியட்நாமிலோ விளைந்தது. காரமும் இனிப்பும் தூக்கல். வட அமெரிக்க நாக்கு பூசணி பை என்று அடையாளம் காண்பது இந்தக் காசியாவைத்தான்.

அம்மா கொண்டுவந்ததை வறுத்த மால்ட் போட்ட கறுப்பு பீரில் வீணாக்க வேண்டாம், அதில் அமுங்கிப்போகும். வெளிர் நிறப் பூசணி பீருக்கு எடுத்து வையுங்கள். எதுவானாலும் துண்டுதான், தூள் வேண்டாம். நான் செய்வது காசியா மூன்று பங்கு, கறுவா ஒரு பங்கு. காசியா பாரம் சுமக்கும், கறுவா வாசலில் நின்று வரவேற்கும். ஆனால் ஒன்று: அந்தக் கறுவாவில் ஒரு பிடியைத் தேநீருக்கென்று ஒளித்து வைத்துக்கொள்ளுங்கள், பீர் போடுகிறவர்கள் கையில் எதுவும் மிஞ்சாது.

வீட்டில் அரைத்த கரம் மசாலா இருக்கிறது. பம்ப்கின் பை ஸ்பைஸுக்குப் பதில் போட்டால் என்ன? ஏலக்காய்?
— எடிசன், நியூ ஜெர்சி

உங்கள் கரம் மசாலாவில் சீரகம் இருக்கிறதா? இருந்தால் வேண்டாம். பட்டையும் கிராம்பும் எவ்வளவு இருந்தாலும் சீரகம் ஒரு கிள்ளு வந்துவிட்டால் பீர் குழம்பாகிவிடும். தனியா ஒன்றும் பாவம் செய்யவில்லை, பெல்ஜியத்துக் கோதுமை பீரான விட்பீரில் தனியாவும் ஆரஞ்சுத் தோலும் போடுவது வழக்கம்.

ஏலக்காய் தாராளமாகப் போடலாம். உங்களுக்குப் பக்கத்து மாநிலம் பென்சில்வேனியாவின் வெயர்பாக்கர் தயாரித்த இம்பீரியல் பம்ப்கின் ஏலில் பட்டை, ஜாதிக்காய், கிராம்போடு ஏலக்காயும் உண்டு. 5 காலனுக்கு 3 காய் தட்டி வோட்காவில் போடுங்கள். அதற்கு மேல் போனால் பாயசம்.

எனக்கு நேர்மாறான பிரச்சினை. 15 கிராம்பு போட்டுவிட்டேன். பீர் குடித்தால் பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது.
— பாஸ்டன்

மூக்கு சரியாகத்தான் சொல்கிறது. கிராம்பின் மணம் யூஜினால், பல் டாக்டர்கள் தற்காலிகமாக அடைக்கும் சிமென்டிலும் அதே யூஜினால்தான். ஆல்ஸ்பைஸிலும் அது நிறைய இருப்பதால் இரண்டையும் தாராளமாகப் போட்டால் ஒன்றுக்கு ஒன்று கைகொடுக்கும். 5 காலனுக்கு 3, 4 கிராம்பே தாங்கும்.

கொட்டிவிடாதீர்கள். மசாலாவே போடாத அதே செய்முறை பீரை இன்னொரு 5 காலன் போட்டு, இரண்டையும் கலந்து அடையுங்கள். அதற்குப் பொறுமை இல்லையென்றால் பாட்டில்களை மூன்று நாலு மாதம் இருட்டில் மறந்துவிடுங்கள், கொஞ்சம் தணியும்.

கிராம்பே போடாமல் இந்த வாசம் வந்திருக்கிறது என்று எழுதுகிறவர்களும் உண்டு. ஜெர்மன் கோதுமை பீர் ஈஸ்ட் தானாகவே கிராம்பு வாசம் தரும். அதுவும் இல்லாமல் பிளாஸ்திரி வாசம் அடித்தால் குழாய்த் தண்ணீரின் குளோரின்தான் முதல் சந்தேகம். காய்ச்சும் முன் தண்ணீரில், குளோரினைப் போக்கும் கேம்ப்டன் மாத்திரை கால் வாசியைப் பொடித்துப் போட்டால் 5 காலனுக்குப் போதும்.

நானும் இதைச் செய்து பார்க்கலாமா? ஈஸ்ட் ஆன்லைனில் கிடைக்கிறது.
— கோயம்புத்தூர்

ஈஸ்ட் கிடைக்கும், அப்புறம் போலீஸும் வரும். தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். மாட்டினால் ‘ஊறல் போட்டவர் கைது’ என்றுதான் பேப்பரில் வரும், பூசணி மணத்தையெல்லாம் எழுத மாட்டார்கள். அமெரிக்காவிலேயே 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மத்தியச் சட்டம் வழிவிட்டது. ஒரு பெரியவர் உள்ள வீட்டுக்கு வருஷத்துக்கு 100 காலன், இருவர் இருந்தால் 200, விற்கக் கூடாது. அலபாமாவும் மிசிசிப்பியும் 2013 வரை அதையும் ஒத்துக்கொள்ளவில்லை. நீங்கள் பரங்கிக்காய் அல்வாவில் ஜாதிக்காயும் சுக்கும் போட்டுப் பாருங்கள். மசாலாவை இறக்கும்போதுதான் போட வேண்டும்.

தாங்க்ஸ்கிவிங் விருந்துக்கு வைக்க வேண்டுமென்றால் எப்போது தொடங்கலாம்?
— டாலஸ்

நவம்பர் நான்காவது வியாழன் என்று கணக்கு வைத்துப் பின்னோக்கிப் போங்கள். பாட்டிலில் கேஸ் ஏற இரண்டு மூன்று வாரம், ஃபெர்மென்டரில் இரண்டு மூன்று வாரம். இந்த இதழ் கையில் கிடைத்த வார இறுதியிலேயே காய்ச்சிவிடுங்கள். அன்றைக்கே வோட்கா ஜாரையும் போட்டு வைத்தால், அடைக்கும் நாளில் அவசரப்பட்டுத் தூள் டப்பாவைத் தேட வேண்டியிருக்காது. ஆறு வாரத்துக்கும் குறைவாக இருந்தால் ஆல்கஹால் 5 சதவீதத்துக்குள் இருக்கும் செய்முறையாக எடுங்கள், 8 சதவீத பீர் அதற்குள் பக்குவப்படாது.